முள் அசையவில்லை

எண்ணெய் இன்னும் மேலே ஏறவில்லை என்று இந்த வேன்காரரிடம் எப்படிச் சொல்வேன்? பொம்பளை கோத்த எஞ்சின் அப்படித்தான் இருக்கும் என்பாரோ?

செங் என்ற ஊரில் இருந்த தன் பட்டறையில் கமலவேணி மூன்று நாட்களாக அந்தப் பள்ளி வேனோடுதான் இருந்தாள். ஒரிஜினல் கிடைக்காததால் வேறு கம்பெனி பிஸ்டன்களை வாங்கி, அளந்து, எண்ணெய் தடவி ஒவ்வொன்றாக இறக்கியிருந்தாள். இப்போது டீசலை நிறுத்திவிட்டு, பேட்டரியால் மட்டும் எஞ்சினைச் சுற்றவிட்டுப் பார்த்தாள். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் அசையவே இல்லை.

வேன்காரர் கணேசமூர்த்தி டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பத்தரையோட நல்ல நேரம் முடியுதும்மா. ஸ்டார்ட் பண்ணு லா, எண்ணெய் தானா ஏறும்."

"ஏறலன்னா பிஸ்டன் ஒட்டிக்கிட்டு எஞ்சினே போயிடும்ண்ணே. நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கு ஆடி பொறக்குது. அப்புறம் ஒரு மாசம் வண்டியத் தொட மாட்டேன். புள்ளைங்கள யாரு ஏத்துவா?" அவர் குரல் இறங்கியது. "நேரம் பாக்காம எடுத்த வண்டியிலதான் என் மவன் போனான். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஜாசினில் அந்தச் சாவு வீட்டில் அவளும் நின்றாள். அவர் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அந்தக் கண்களுக்காகவாவது ஒருமுறை சாவியைத் திருகிவிடலாம் என்று அவள் மனம் தவித்தது.

பேட்டரி வயரைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"இப்ப மாட்டேண்ணே," என்றாள் மெதுவாக.