யாரும் அறியாத விமானம்

ரூபென் அல்ம் செத்த அன்று காலையில்கூட எங்கள் விமானத்தைத் திட்டிக்கொண்டுதான் இருந்தான்.

நாங்கள் அதை ‘இத்தாலிக்காரி’ என்போம். ஐரோப்பா முழுக்க ஒருவரையொருவர் வெட்டி மடிந்துகொண்டிருக்க, சுவீடன் மட்டும் ஒதுங்கி நின்ற காலம். ஒதுங்கி நிற்கிறவனுக்கு யாரும் நல்ல போர்விமானம் விற்க மாட்டார்கள். கேட்ட இடத்திலெல்லாம் கைவிரித்த பிறகு இத்தாலியில் கிடைத்ததுதான் இந்த ஜே-20. வேகமானது, திருப்பினால் நின்ற இடத்திலேயே திரும்பும். ஆனால் அதன் இறக்கையே பெட்ரோல் தொட்டி. தகடுகள் சேரும் இடத்திலெல்லாம் கசியும். இறங்கி வந்தால் சட்டையெல்லாம் பெட்ரோல் வாடை. மால்மோ தளத்தில் இருந்த எங்கள் படைப்பிரிவைத் தவிர உலகத்தில் வெகு சிலரே அதை ஓட்டியிருப்பார்கள்.

“மச்சான், இவளோட மாரடிக்கறதுக்கு உன் தங்கச்சி எவ்வளவோ தேவலாம்” என்றான் ரூபென், கறுப்பு ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டே.

சிக்ஸ்டன் நோர்லிங் சுலபத்தில் சிரிக்கிறவன் அல்ல. “இதை அவகிட்ட சொல்றேன். மோதிரத்தைக் கழட்டி உன் மூஞ்சியில எறிவா” என்றான்.

சிக்ஸ்டனின் தங்கை கெர்டாவுக்கும் ரூபெனுக்கும் கோடையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. 1945 ஏப்ரல் அது. கடலுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி நொறுங்கிக்கொண்டிருந்தது. கிழக்கிலிருந்து ரஷ்யப் படை வர வர, மிதக்கிற எதிலும் பறக்கிற எதிலும் ஏறி ஜனங்கள் தப்பி ஓடினார்கள். வழி தவறிய விமானங்கள் எங்கள் எல்லைக்குள் அடிக்கடி வந்தன. எங்களுக்கு இருந்த உத்தரவு எளிது. பக்கத்தில் போய் இறக்கையை ஆட்டு, சக்கரத்தை இறக்கிக் காட்டு, தரைக்குக் கூட்டி வா. நீயாகச் சுடாதே.

அன்று கிழக்குக் கரையை ஒட்டி மூன்று எஞ்சின் கடல் விமானம் ஒன்று தாழப் பறந்து வருவதாகச் செய்தி வந்தது. என் விமானத்தின் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதனால் அவர்கள் இருவரும்தான் கிளம்பினார்கள். நான் கட்டுப்பாட்டு அறையில் ஒலிபெருக்கி அருகே நின்றிருந்தேன். மேலே நடந்ததைப் பின்னால் சிக்ஸ்டன் சொல்லித்தான் அறிந்தேன்.

கடல் விமானம் ஜெர்மானியருடையது. பாரம் தாங்காமல் அலைகளை உரசுவதுபோல வந்துகொண்டிருந்தது. சிக்ஸ்டன் மேலே காவலாக நிற்க, ரூபென் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு அதன் பக்கவாட்டில் இறங்கினான். இறக்கையை ஆட்டினான். சக்கரங்களை இறக்கினான். அவ்வளவுதான் செய்தான். கடல் விமானத்தின் முதுகிலிருந்த பீரங்கி திரும்பியது. முதல் வரிசைக் குண்டுகளே ரூபெனின் இடது இறக்கையைக் கிழித்தன. கசிந்துகொண்டிருந்த பெட்ரோல் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது.

“எரியுது. சிக்ஸ்டன், கால்ல எரியுது” என்ற குரல் ஒலிபெருக்கியில் எங்களுக்கும் கேட்டது. அதன் பிறகு வந்த சத்தத்துக்கு வார்த்தை கிடையாது. அறையிலிருந்த ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பாராசூட் விரியும் உயரத்துக்குப் போய்விடலாம் என்று ரூபென் விமானத்தின் மூக்கைத் தூக்கினான். தீ அவன் உட்கார்ந்திருந்த அறைக்குள் வந்துவிட்டது. கண்ணாடிக் கூரையைத் தள்ளிக்கொண்டு அவன் வெளியே விழுந்தபோது துணியும் மயிரும் எரிந்துகொண்டிருந்தன. பாராசூட் பாதிதான் விரிந்தது. அதுவும் எரிந்தது.

சிக்ஸ்டன் பின்னாலிருந்து பாய்ந்தான். பீரங்கிக்காரன் அவன் பக்கம் சுட்டதில் முன்கண்ணாடி உடைந்து ஒரு சில்லு கன்னத்தைக் கிழித்தது. அவன் விலகவில்லை. மிக நெருங்கிப் போய்ச் சுடும் பொத்தானை அழுத்தினான். பீரங்கிக் கூண்டு சிதறியது. நடு எஞ்சின் புகைந்து நின்றது. கடல் விமானம் தண்ணீரில் மோதி, ஒரு முறை எம்பி, மறுபடி விழுந்து, வால் முறிந்து மிதந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. அவன் வட்டமடித்துத் திரும்பினான். மிதக்கிற விமானத்தைக் குறிவட்டத்துக்குள் கொண்டுவந்தான். இறக்கையின் மேல் ஏதோ அசைவதைப் பார்த்தான். வெள்ளையாக எதுவோ ஆடியது. அழுத்தினான். குண்டுகள் தண்ணீரில் கோடு போட்டுக்கொண்டு போய் இறக்கையில் ஏறின. தாண்டிப் பறக்கும்போதுதான் கீழே தெளிவாகத் தெரிந்தது. தலைத்துணி கட்டிய பெண்கள். மூட்டை முடிச்சுகள். வழுக்கும் இறக்கையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பழுப்புக் கோட்டு போட்ட ஒருத்தி சரிந்து நீருக்குள் போனாள்.

மூன்றாவது முறை அவன் சுடவில்லை. பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தும் மீன்பிடிப் படகுகள் இருந்த பக்கம் பறந்தான். ஒரு படகின் பாய்மரத்தை உரசுகிற உயரத்தில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, அது விபத்து நடந்த இடத்தை நோக்கித் தலை திருப்பும்வரை விடவில்லை. தரையில் வந்து இறங்கியபோது முகமெல்லாம் ரத்தம். கட்டுப் போட வந்தவரைத் தள்ளிவிட்டு என்னிடம், “ஹில்டிங், கார் எடு” என்றான்.

பெட்ரோல் பஞ்சத்தில் எங்கள் கார் விறகுப் புகையில்தான் ஓடியது. மேடுகளில் மூச்சு வாங்கும். அந்தப் படகு கரை சேரும் ஸ்காரவிக் துறைமுகத்துக்குப் போனோம். அவன் இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்தது. எதற்கு என்று நான் கேட்டதற்கு, பீரங்கிக்காரன் உயிரோடு இருந்தால் தெரியும் என்றான்.

நில்ஸ் ஓலா என்ற மீனவரின் படகு அப்போதுதான் கரை சேர்ந்திருந்தது. ஹெர்ரிங் மீன் கூடைகளை ஒதுக்கிவிட்டு மேல்தளத்தில் பிணங்களைக் கிடத்தியிருந்தார்கள். ஓரத்தில் தார்ப்பாயில் சுற்றியிருந்தது ரூபென். சிக்ஸ்டன் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தான். நானும் பார்த்தேன். பற்களை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

பீரங்கிக்காரன் உயிரோடுதான் இருந்தான். மீன் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காதோரம் நரைத்த ஆள். தோள் எலும்பு வெளியே தெரிந்தது. சிக்ஸ்டன் அவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். துப்பாக்கியை வாய்க்குள் திணித்தான். ஒரு பல் உடைந்து விழுந்தது. நான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தும் என்னால் அவனை அசைக்க முடியவில்லை.

“இறக்கையில சுவீடனோட மூணு கிரீடம் வரைஞ்சிருக்கோமே, உன் கண்ணு எங்கடா போச்சு” என்று, துப்பாக்கியை வெளியே இழுத்து நெற்றியில் அழுத்தி, ஜெர்மன் மொழியில் கேட்டான்.

அந்த ஆள் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்: “ரஷ்யாக்காரன்னு நெனச்சேன். அவனோடதும் இப்படித்தான், உருண்டை மூக்கு. வெயில்ல வேற எதுவும் தெரியல. உங்ககிட்ட இப்படி ஒரு விமானம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. எனக்குக் காட்டின எந்தப் படத்துலயும் இது இல்ல.”

காலையில் புறப்பட்டபோது இன்னொரு கடல் விமானத்தை ரஷ்யர்கள் கண்ணெதிரே சுட்டு வீழ்த்தியதைச் சொன்னான். தன் விமானத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் இருந்ததைச் சொன்னான். சிக்ஸ்டன் கையை இறக்கினான். துப்பாக்கியை நான் வாங்கிக்கொண்டேன்.

கொட்டகைக்குள்ளிருந்து போர்வை சுற்றிய பெண் ஒருத்தி வந்தாள். லீஸபெத் என்று பெயர். அவள் எங்கள் சீருடைகளைப் பார்த்தாள்.

“வானத்துல சண்டை போட்டீங்க, சரி. நாங்க தண்ணியில நின்னுக்கிட்டு துணியை ஆட்டினப்போ சுட்டது யாரு?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று யாரும் சிக்ஸ்டனைக் கட்டாயப்படுத்தவில்லை. நில்ஸ் ஓலாவுக்கு ஜெர்மன் தெரியாது. பீரங்கிக்காரன் தலை தொங்கிக் கிடந்தான்.

“நான்தான்” என்றான் சிக்ஸ்டன்.

“பழுப்புக் கோட்டு போட்டிருந்தவ என் அக்கா” என்றாள்.

பிறகு அவனை அடித்தாள். முஷ்டியால், முகத்தில், கன்னத்துக் காயத்தின் மேலேயே. காயம் மறுபடி திறந்து கழுத்து வழியே ரத்தம் இறங்கியது. அவன் கையை உயர்த்தவில்லை. கைவலித்து அவளாக நிறுத்தியபோது நில்ஸ் ஓலா அவளை உள்ளே கூட்டிப் போனார்.

விசாரணையில் சிக்ஸ்டன் எதையும் மறைக்கவில்லை. கண்டனத்தோடு விட்டார்கள். ஆனால் அவன் மறுபடி பறக்கவில்லை. போர் முடிந்து, இத்தாலிக்காரிகளைப் பிரித்துப் பழைய இரும்பாக எடுத்துப்போனபோது அவன் ஒரு மர அறுவை ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

ரூபென் செத்த மறுநாளே கெர்டாவிடம் அவனே போய்ச் சொன்னான். நானும் கூட இருந்தேன். ரூபென் வலி தெரியாமல் செத்தானா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். பிறகு அந்தப் பழுப்புக் கோட்டைப் பற்றியும் சொன்னான்.

“அவனுக்காகச் சுட்டேன்னு மட்டும் எங்கேயும் சொல்லாத அண்ணா” என்றாள்.

கடல் விமானத்தில் வந்து செத்தவர்களை அதே வாரம் ஸ்காரவிக் தேவாலயக் கல்லறையில் புதைத்தார்கள். சிக்ஸ்டன் போனான். கெர்டாவும் வந்தாள். சவப்பெட்டிகளைத் தூக்க மீனவர்கள் போதவில்லை. லீஸபெத்தின் அக்காவின் பெட்டியருகே போய் அவன் ஒரு கைப்பிடியைப் பிடித்தான். லீஸபெத் வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தானே பிடித்துக்கொண்டாள்.

பெட்டி நகர்ந்தது. அவன் வழியில் நின்றுகொண்டிருந்தான். கெர்டா அவன் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். எல்லோரும் போன பிறகு இருவரும் கடைசியில் நடந்தார்கள்.