காதில் வைத்த பஞ்சு

மருந்து தராத ஆஸ்பத்திரியைத் தாயம்மா எப்படி நம்புவாள்? அவள் புருஷன் சம்பங்கி நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைப்பவன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவனைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்திலிருந்து மேலே ஏற்றி, இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டதிலிருந்து பொட்டுத் தூக்கமில்லை. கல்லிடிக்கும் மில்லின் சத்தம் ராப்பகலாக வார்டையே அதிர வைக்கிறது. தூங்காவிட்டால் இதயம் தாங்காது என்கிறார் டாக்டர். சரி, தூக்க மருந்து கொடுங்கள் என்றால், அதையும் தாங்காதாம்! இது என்ன நியாயம்?

"தொரைக்குன்னா குடுக்காம இருப்பாங்களா?" என்று நர்ஸ் ஐடாவிடமே கேட்டுவிட்டாள்.

"தொரைக்கும் இதேதான்க்கா. மருந்து இல்லாமயே அண்ணன நான் தூங்க வைக்கிறேன். நீங்க போயி சாப்ட்டு வாங்க."

தன்னை எதற்கு இவள் விரட்டுகிறாள்? தாயம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரி வாசல்வரை போனவளுக்கு அதற்குமேல் கால் நகரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினாள். வார்டிலிருந்து ஒரு ஆயா தண்ணீர்ப் பாத்திரமும் ஈரத்துணியுமாக வெளியே வந்தாள். யாரைக் குளிப்பாட்டினார்கள்?

கட்டிலில் சம்பங்கி அசையாமல் கிடந்தான். கண்மேல் வெள்ளைத் துணி. காதில் பஞ்சு. கழுவித் துடைத்த பாதங்கள் சேர்ந்தாற்போல் இருந்தன. போன வருஷம் மாமனாரைத் தூக்குமுன் இவளே காதிலும் மூக்கிலும் பஞ்சு வைத்தவள்.

"ஐயோ மாமா! என்ன உட்டுட்டுப் பூட்டியே!"

போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. சம்பங்கியும்தான். துணியைப் பிய்த்தெறிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தான். உதடு நீலம் பாரித்தது. ஐடா ஓடிவந்து தலையணைகளை முட்டுக்கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள். மூச்சு நிதானத்துக்கு வருவதற்குள் தாயம்மா செத்துப் பிழைத்தாள். யார் யாரையோ சந்தேகப்பட்டாளே, கடைசியில் தன் வாயாலேயே தாலியை இழக்கப் பார்த்தாளே!

"இன்னாத்துக்குடி கத்தின? இப்பதான் கண்ணு அசந்துது," என்றான் அவன்.

"சத்தம் கேக்கக் கூடாதுன்னுதானேக்கா பஞ்சு வச்சேன்?" ஐடாவுக்குக் கோபம்.

"நாங்க பொணத்துக்குதான் வைப்போம்."

ஐடா கீழே கிடந்த வெள்ளைத் துணியை எடுத்தாள். "எங்க வூட்லயும் அப்டித்தான். உங்ககிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும்," என்றாள்.

தாயம்மா தன் சிவப்புச் சேலையின் ஓரத்தைக் கிழித்தாள். "வெள்ளத் துணி வேணாம். இத்தக் கட்டு."

பஞ்சைத் தானே வைத்தாள். தூக்கம் வர ஐடா சொல்லிக்கொடுத்தபடி, ஆயா புதிதாகக் கொண்டுவந்த வெந்நீரில் அவன் கால்களை வைத்து, பாதங்களை மெல்ல நீவிவிட்டாள். கண்ணை மட்டும் அவன் மார்பைவிட்டு எடுக்கவில்லை. ஏறுகிறதா, இறங்குகிறதா?

வெகுநேரம் கழித்துக் குறட்டை வந்தது. வீட்டில் அந்தக் குறட்டைக்கு முதுகில் ஒன்று போட்டுப் புரட்டிப் படுக்க வைப்பவள், இன்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.