சாவியைத் திருப்பினால் போதும்

பெண்கள் வாய்க்கரிசி போட்டு முடித்ததும், வாசலை அடைத்து நின்ற காரைத் தள்ளச் சொன்னான் அன்பரசன். ஈர வேட்டியில், கொள்ளிச்சட்டியோடு நின்ற அண்ணனைப் பார்க்கப் பார்க்க எழிலரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுக் காலை அப்பா மண்ணாங்கட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அடி அண்ணாமலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காரில் பத்து நிமிடம்தான். கார் கிளம்பவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள், பின்சீட்டில் அம்மாவின் மடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அன்பரசன் ஒரே பாட்டைப் பாடினான். கம்ப்யூட்டர் வண்டியை நம்பக் கூடாதாம். ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு ஏழு தடவை சாவியைத் திருப்பினானாம். ஒரு தடவைகூடப் பற்றவில்லையாம்.

முழுசாக மிதித்தானாம்! எழிலரசிக்கு வேங்கிக்கால் ஒர்க்ஷாப்பில் கார்களின் கம்ப்யூட்டரைச் சோதிக்கிற வேலை. அண்ணன் ஓட்டிய பழைய வேனுக்கு அந்த மிதி வேண்டியிருந்தது. இந்தக் காரில் எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது பொறி கொடுப்பது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும்போது அடிவரை மிதித்தால், உள்ளே பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்துவிட்டது, காயவிடச் சொல்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு பெட்ரோலையே நிறுத்திவிடும். வண்டி வாங்கிய அன்றே இதைச் சொன்னாள். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு நீ பாடம் எடுக்கிறாயா என்று சிரித்தான்.

காலையில் அம்மா திரௌபதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கி எதுவும் பேசாதடி. அவன் தாங்க மாட்டான்."

அதற்காகத்தான் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது அன்பரசன் ஊர் முன்னால் அவள் பக்கம் திரும்பினான்.

"இந்த வண்டிய எடுக்கச் சொன்னதே இவதான். அப்பாவ இதான் கொன்னுச்சு."

அவ்வளவுதான். தடுக்க வந்த அம்மாவின் கையை உதறிவிட்டுப் போய் டிரைவர் சீட்டில் ஏறினாள். தள்ளுவதற்காகச் சாவியை அதிலேயே விட்டிருந்தார்கள். கதவை அகலத் திறந்து வைத்தாள். கியரை நியூட்ரலில் தள்ளினாள். இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க."

சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. மேளம் நின்றுவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்பரசன் காரைப் பார்க்கவில்லை. சட்டியின் புகை முகத்தில் அடிக்க, குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பெருவிரல் ஈர மண்ணில் மெல்ல அழுந்தியது.