பேர்த்தகடு இல்லாத எஞ்சின்

படகுப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப்பிறந்த தம்பி ஒருவனே. அவன் ஏதோ ஒரு கடலில், சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் லீவெல்லாம் மாமியார் வீட்டுக்கே போயிற்று. மனஸ்தாபம் ஒன்றுமில்லை, பேச விஷயம் இல்லாமல் பேச்சு வற்றிவிட்டது. "நல்லா இருக்கியா?" "இருக்கேன்கா." அவ்வளவுதான்.

அப்போதுதான் அவள் ஒரு பழைய மரப்படகை வாங்கினாள். பலகையெல்லாம் உளுத்துப்போயிருந்தது. ஆனால் அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்த எஞ்சின் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. தண்ணீர் பம்பில் மட்டும் விரிசல்.

"எந்தக் கம்பெனி எஞ்சின்மா?" என்றார் உதிரிபாகக் கடைக்காரர்.

"பேர்த்தகட்டைக் காணோம். அது இருந்த இடத்துல நாலு துளைதான் இருக்கு."

"பேரே தெரியாம பம்பு தேடுறது, விலாசம் இல்லாம மாப்பிள்ளை தேடுற மாதிரி," என்று சிரித்தார்.

சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டாள். வீடியோவில் எஞ்சினைப் பார்த்ததும் அவன் குரலே மாறிவிட்டது.

"அக்கா, போனைக் கிட்ட கொண்டு போ! ப்ளைவீல் சக்கரம் முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. ஆட்டுக்கல் சைசுல இருக்கு."

"பெயின்டைச் சுரண்டிப் பாரு. நாளைக்குக் கூப்பிடுறேன்."

கூப்பிட்டான். சாம்பல் நிறப் பெயின்டுக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் சிவப்பு. மறுநாள் போல்ட்டுகளின் இடைவெளியை அளக்கச் சொன்னான். அதற்கடுத்த நாள், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கச் சொன்னான். நடுநடுவே அவளுடைய முழங்கால் வலியையும் விசாரித்தான். பொழுது சாயத் தொடங்கினால் அவள் கிரீஸ் கையைக் கழுவிவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"அவன் எஞ்சினுக்கு வைத்தியம் பாக்கறானா, உனக்கா?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

ஒருநாள் எஞ்சினின் அடிவயிற்றில் கையை விட்டுத் தடவியபோது ஏதோ மேடு தட்டுப்பட்டது. சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, கைக்கண்ணாடியை நீட்டிப் பார்த்தாள். மூன்று எண்கள், பக்கத்தில் மீன்வால் மாதிரி ஒரு குறி.

"தெரிஞ்சுபோச்சு!" என்று கத்தினான் தம்பி. "ஒரே ஒரு வார்ப்புப் பட்டறைதான் இந்தக் குறியைப் போடும்." கம்பெனி பெயரைச் சொன்னான். அது மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டதாம். ஆனாலும் இன்னொரு எஞ்சினின் பம்பு இதற்குப் பொருந்துமாம்.

"அப்ப சரிக்கா."

"சரிடா."

பம்பு கிடைத்தது, கச்சிதமாகப் பொருந்தியது. அன்று சாயங்காலமும் அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். போன் அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"என்னக்கா, பம்பு சேரலையா?"

'ஆமாம்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"சேந்துடுச்சு. சும்மாதான் கூப்பிட்டேன். உன்னைப் பாக்கணும் போல இருக்குடா."

அந்தப் பக்கம் அவன் ஏதோ கதவைச் சாத்தினான், கப்பலின் இரைச்சல் குறைந்தது.

"எனக்கும்தான்கா. இந்த லீவுல முடியாது. அவளுக்கு அப்பதான் பிரசவம். அடுத்த தடவை கண்டிப்பா வரேன்."

அடுத்த தடவை என்றால் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும். "பிள்ளை நல்லபடியா பொறக்கட்டும்," என்றாள், மனசாரத்தான்.

"வெச்சுடாதக்கா. எஞ்சினை ஓட்டிக் காட்டு. கேக்கணும்."

பம்புக் குழாயை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, கைப்பிடியைச் சுழற்றினாள். பட்டறை அதிர்ந்தது. போனை எஞ்சின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். கை வலித்தது, மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவனும் வைக்கவில்லை.