வீட்டில் இருக்கிற மாதிரியே இருங்க

வா. வந்து தொலையேன். மூன்று மாதமாக வேண்டாத நேரமெல்லாம் வந்தாயே, கூப்பிட்டால் மட்டும் வரமாட்டாயா?

மனதுக்குள் இப்படிக் கேட்டுவிட்டு அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். பெற்ற மகளுக்கு வலிப்பு வரவேண்டும் என்று காத்திருக்கும் தாய் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஒன்பது வயதுச் சிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மணமிட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையில் இருபத்தோரு ஒயர்கள், மேலே வெள்ளைத் துணிக்கட்டு. ஒயர்கள் மூளையின் அலைகளைத் திரையில் கோடுகளாக இழுத்துக்கொண்டிருந்தன. கூரை மூலையிலிருந்து ஒரு கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு உதறும்போது கோடுகளும் கலைந்தால் வலிப்பு நோய். கலையாவிட்டால் மனசு சம்பந்தப்பட்ட வேறொன்று. நோய் என்றால் மூன்றாவது மாத்திரை. இரண்டு மாத்திரைக்கே பள்ளியில் நோட்டின் மேல் கவிழ்ந்து தூங்குகிறாள்.

ஆனால் முதலில் வர வேண்டுமே. இரண்டு நாள் போய்விட்டது. வந்தால் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். நாத்தனார் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு இதுவரை பதினோரு முறை அழுத்திவிட்டாள். சிட்டு கொட்டாவி விட்டதற்கு, தும்மியதற்கு, ஒரு முறை சிட்டுவின் அப்பா குறட்டை விட்டதற்கு.

“அக்கா, இது காலிங் பெல் இல்லை,” என்று டெக்னீஷியன் வந்து சொன்னாள்.

“ஒண்ணும் பதிவாகலைன்னா நாளைக்கு என் தலைதானே உருளும்?” என்றாள் நாத்தனார்.

மூன்றாம் நாள் காலை, வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த குறிப்பை டெக்னீஷியன் புரட்டிப் பார்த்தாள். “எல்லாமே சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான் வந்திருக்கு. அப்ப வீட்டுல என்ன நடக்கும்?”

கணவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

“சண்டை,” என்றாள் சிட்டு, வரைவதை நிறுத்தாமல்.

“சும்மா பேசிட்டிருப்போம்,” என்றார் கணவர்.

“தெருவே கேக்கிற மாதிரிப் பேசிட்டிருப்பாங்க,” என்றாள் நாத்தனார்.

டெக்னீஷியன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “இங்க வந்ததிலேர்ந்து ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையா இருக்கீங்க. வீட்டுல இருக்கிற மாதிரியே இருங்க, போதும்.” கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

கணவர் தொண்டையைக் கனைத்தார். கேமராமேல் அரைக்கண் வைத்து, “சார்ஜரை எங்க வெச்சேம்மா?” என்றார். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அந்த ‘ம்மா’ அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது.

“பையில இருக்குங்க. எடுத்துத் தரட்டுமா?”

“பரவாயில்லம்மா, நானே எடுத்துக்கறேன்.”

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “என்ன, ரெண்டு பேரும் செய்தி வாசிக்கிறீங்களா? அண்ணா, அண்ணியோட அம்மா வந்துட்டுப் போனப்ப ஒண்ணு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க.”

“நான் என்ன சொன்னேன்?”

“வரும்போது ஒரு பை, போகும்போது மூணு பைன்னு.”

அவள் மெதுவாகத் திரும்பினாள். “எங்கம்மாவையா?”

“அட, தமாஷுக்குச் சொன்னது.”

“உங்க தங்கச்சி மூணு நாளா என் செருப்பைத்தான் மாட்டிட்டுச் சுத்துறா. நான் ஏதாவது தமாஷ் பண்ணினேனா?”

“என்னை எதுக்கு அண்ணி இழுக்கறீங்க?” என்றாள் நாத்தனார். காரியம் சூடு பிடித்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது.

அதற்கப்புறம் யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. செருப்பிலிருந்து போன வருஷம் ஒழுகிய குழாய்க்குப் போய், அங்கிருந்து யாருக்காக யார் வேலையை விட்டது என்பதற்கு வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் வழி மனப்பாடம். கடைசி நிறுத்தம் எப்போதும் அவளுடையது.

“ஒரு நாள் கதவைச் சாத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். அப்பத் தெரியும் உங்களுக்கு!”

பென்சில் தரையில் விழுந்தது. சிட்டு மல்லாந்தாள். கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, தலை இப்படியும் அப்படியும் ஆட, கைகால்களை உதறத் தொடங்கினாள். நாத்தனார் பொத்தானைத் தேடு தேடென்று தேடினாள். அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் அடங்கிச் சிட்டு சோர்ந்து படுத்த பிறகு டாக்டர் வந்தார். “வீட்டுல வர்றதும் இதேதானா?”

“இதேதான்,” என்றாள் அவள்.

“கோடு கலையவே இல்லை. இது வலிப்பு நோய் இல்லை. மாத்திரையை நாங்களே படிப்படியாக் குறைக்கிறோம், நீங்களா நிறுத்திடாதீங்க.”

“அப்ப நடிச்சாளா?” என்றாள் நாத்தனார்.

“இல்லை. அது அவ கையில இல்லை. சொல்லத் தெரியாத பயத்தை உடம்பு சொல்லுது. பேசிப் பேசிக் குணப்படுத்துறவங்க இருக்காங்க, அனுப்புறேன்.”

டாக்டர் போன பின்பும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவேன் என்ற அந்த வாக்கியத்தை மற்றவர்கள் ‘அப்பாடா’ என்று சொல்வதுபோலத்தான் அவள் சொல்லி வந்தாள். எங்கே போவது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. பெட்டி எந்தப் பரணில் கிடக்கிறது என்றுகூடத் தெரியாது. கணவர் அதை நம்பியதில்லை, அவளும் நம்பியதில்லை. வீட்டில் அதை நம்பிய ஒரே ஆள் இந்தக் கட்டிலில் படுத்திருந்தாள்.

கணவர் குரலைத் தாழ்த்தினார். “நோய்னா மாத்திரை கொடுக்கலாம். இதுக்கு என்னத்தைக் கொடுக்கிறது? மெஷின்ல கோளாறாவும் இருக்கலாம். ஒயர் இன்னும் தலையிலதான் இருக்கு. இன்னொரு தடவை பார்த்துடலாமே. நீ அந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லு.”

“ஆமா அண்ணி, முதல்லேர்ந்து வேண்டாம்,” என்றாள் நாத்தனார் பெருந்தன்மையாக.

சிட்டு பாதிக் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அவள் ஒயர்கள் நசுங்காமல் கட்டிலோரம் உட்கார்ந்து, அந்தச் சின்னப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“இல்லைங்க,” என்றாள் மெதுவாக. “நான் சொல்ல மாட்டேன்.”