சுவரில் தொங்கும் பேபி

அவளுக்கு நாற்பத்தொரு வயது. இன்னும் 'பேபி' என்றுதான் பேர். ஐந்து வயதில் சினிமாவுக்குப் போனவள், ஏழு வயதுக்குள் பதினான்கு படங்களில் நடித்து முடித்துவிட்டாள். அதில் கடைசிப் படத்தில், குளத்தில் விழுந்து செத்துப்போகிற குழந்தை வேஷம். செத்த குழந்தை என்றால் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ தொங்க வேண்டாமா? வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் கவுன், இரட்டைச் சடை, வாயெல்லாம் பல்லாக ஒரு சிரிப்பு. ஸ்டூடியோ போட்டோக்காரர் பத்தே நிமிஷத்தில் எடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

படம் ஓடி முடிந்தது, அவளும் வளர்ந்துவிட்டாள். அந்தப் போட்டோவுக்கு மட்டும் ஓய்வே இல்லை. ஷூட்டிங்குக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற ஒரு கிடங்குக்கு அது போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் எந்தப் படத்தில், எந்தத் தொடரில் ஒரு பெண் குழந்தை செத்தாலும் சரி, சுவரில் ஏறுவது இவள்தான். யாராவது ஒருத்தி அதற்கு முன்னால் விளக்கேற்றி வைத்துத் தேம்பித் தேம்பி அழுவாள். பேபி ஆரம்பத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்பதைத் தாண்டியதும் போதுமடா சாமி என்று விட்டுவிட்டாள். கப்பலில் சமையல்காரனாக இருக்கும் புருஷன் போன் செய்தால், "இன்னைக்கு மறுபடியும் செத்துட்டேங்க" என்பாள். அவன் அந்தக் கடலில் இருந்துகொண்டு விழுந்து விழுந்து சிரிப்பான்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் போட்டோ சுவரில் ஏறிய நாளிலிருந்து அவள் யார் கண்ணிலும் படுவதில்லை. மாயமாக மறைந்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். நிற்பாள், பேசுவாள், ஆனால் எதிரில் இருப்பவர் பார்வை அவளைத் தாண்டிப் போய்விடும், அவ்வளவுதான். அதற்குமேல் வாய்ப்புக் கேட்டுப் போன இடத்திலெல்லாம் டைரக்டர்கள் அவளுக்குப் பின்னால் நின்றவளைத்தான் கூப்பிட்டார்கள். "முகத்தை நிமித்தி நில்லுடி, அழுது வடியாதே" என்று அம்மா தலையில் குட்டுவாள். கல்யாணப் போட்டோவில்கூடப் பாதி முகம் தூணுக்குப் பின்னால் போய்விட்டது. இப்போது ஒரு சலவைக் கடையில் கவுன்டர் வேலை. வருகிறவர்கள் அவள் மூக்குக்கு நேரே நின்றுகொண்டு, ஆள் இல்லை என்று மணியை அடிப்பார்கள். "சொல்லுங்க" என்று இரண்டாவது தடவை சொல்லும்போதுதான் தூக்கிவாரிப்போட்டுப் பார்ப்பார்கள்.

எத்தனை கூட்டத்திலும் அவளை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிற ஆள் உலகத்தில் ஒன்றே ஒன்று. அவள் மகள். ஏழு வயது. சேட்டையைப் பார்த்து வீட்டில் வைத்த பேர் வாலு. பள்ளிக்கூட வாசலில் ஐம்பது அம்மாக்கள் நின்றாலும் வாலு நேராக ஓடிவந்து இவள் வயிற்றில்தான் முட்டும். அந்த ஒரு முட்டுக்காகவே நாள் முழுக்க மணிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பேபி நினைப்பாள்.

இப்படி இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, வெளுக்கப் போட்ட கோட்டைத் திரும்ப வாங்க வந்த ஒரு பெண்மணி மணியில் கை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். "அய்யோ, நீங்க பேபிதானே? அதே கண்ணு, அதே கன்னம்! சின்ன வயசுல உங்களைப் பாத்து எப்படி அழுதிருக்கேன் தெரியுமா?"

பேபிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். கடை முதலாளி முதல் தடவையாக "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். ஒரு தொடர் கம்பெனியிலிருந்து போன் வந்தது: அடுத்த வாரம் வியாழக்கிழமை ஷூட்டிங், கதாநாயகிக்கு அக்கா வேஷம், செய்வீர்களா? அன்றைக்கு அவள் கடையின் ஆளுயரக் கண்ணாடி முன் நின்று, முப்பத்து நாலு வருஷமாக எங்கேயோ போயிருந்த ஒருத்தி திரும்பி வந்ததுபோல் தன்னையே பார்த்துக்கொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை.

அதே வாரம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. உங்கள் மகள் மூன்று நாளாக வகுப்புக்கு வரவில்லை.

"என்னடி இது? உன்னைக் கேட்டுக்குள்ள விட்டுட்டுத்தானே போறேன்?"

வாலு புத்தகப் பையின் வாரைக் கடித்துக்கொண்டே சொன்னது. "நான் கத்துனேம்மா. பேர் கூப்பிட்டப்ப எல்லாம் 'உள்ளேன் டீச்சர்'னு கத்துனேன். டீச்சருக்குக் காதுலயே விழல. நேத்து கண்ணாமூச்சி ஆடினோமா, நான் படிக்கட்டுக்குக் கீழ ஒளிஞ்சுக்கிட்டேன். யாருமே தேடல. எல்லாரும் வீட்டுக்குப் போய்ட்டாங்க."

இது பேபிக்குத் தெரிந்த வியாதி. தன்னுடைய வியாதி.

அடுத்த செவ்வாய்க்கிழமை, வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்த வாலுவின் இடது புருவத்துக்கு மேல் தானாகப் பிளந்து ரத்தம் கொட்டியது. அழுதுகொண்டே அதுவாகத் தெருவெல்லாம் நடந்து கடைக்கு வந்து சேர்ந்தது. வழியில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. டாக்டர் காயத்திலிருந்து இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து விளக்கில் காட்டினார். மெல்லிய கண்ணாடிச் சில்லு. "எந்த ஜன்னல்ல போய் இடிச்சா?" என்று கேட்டார். பக்கத்தில் ஜன்னலே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பேபியின் அம்மா வழக்கம்போல் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றன்றைக்கு எடுத்து அன்றன்றைக்கே போடுகிற தொடர். திரையில் ஒரு வீட்டுக் கூடம், சுவரில் அந்தப் போட்டோ. பேபி துணி மடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். மடிப்பு கையிலேயே நின்றுவிட்டது.

போட்டோவில் முன்பல் ஒன்று இல்லை.

அந்தப் போட்டோ எடுத்தபோது அவளுக்கும் முன்பல் விழுந்திருந்தது உண்மைதான். ஆனால் பாதிப் படத்தில் பல் இருந்து பாதியில் இல்லாமல் போனால் காட்சிக்குக் காட்சி ஒட்டாதே என்று, மேக்கப்காரர் மெழுகில் பல் செய்து ஒட்டிவிட்டார். மெழுகின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. போட்டோவில் பல் வரிசை முழுசாக இருந்தாக வேண்டும். ஓட்டைப் பல் வாலுவுடையது. போன ஞாயிற்றுக்கிழமைதான் விழுந்தது. கேமரா நெருங்கியது. இடது புருவத்துக்கு மேல் ஒரு புதுக் காயம்.

"அம்மா," என்றாள் பேபி. "என்ன பண்ணினே? உண்மையைச் சொல்லு."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லதுக்குத்தான் பண்ணினேன்" என்று ஆரம்பித்தாள். நல்லதுக்குத்தான்! பேபியின் சின்ன வயசு முழுக்க இந்த ஒரு வார்த்தையில்தான் ஓடியது. "அந்தப் புள்ளிக் கவுனைப் பெட்டியிலேயே பத்திரமா வெச்சிருந்தேன். குழந்தைக்குப் போட்டுப் பாத்தேன், உன்னை உரிச்சு வெச்ச மாதிரி இருந்துது. கிடங்குல ஒரு டைரக்டர் சாமான் பாக்க வர்றார்னு தெரிஞ்சுது. கூட்டிட்டுப் போய் உன் போட்டோ முன்னாடி நிக்க வெச்சுக் காமிச்சேன். அவளுக்கும் உன்னை மாதிரி பேர் வரணும்னுதான்டி."

"என்னைக்கு?"

"அது ஆச்சு ஒம்பது நாள். முந்தின ஞாயித்துக்கிழமை."

மறுநாள் காலை வாலுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கடைச் சீருடையோடு பேபி கிடங்குக்குப் போனாள். அலமாரி அலமாரியாகச் சாமான். நாற்பது டெலிபோன்கள், ஒன்றுக்கும் இணைப்பு இல்லை. சக்கர நாற்காலிகள், நீதிபதி நாற்காலிகள், மெழுகுப் பழத் தட்டுகள். சுவர் நிறையக் கடிகாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நேரம். கடைசிச் சுவரில் அந்தப் போட்டோ. புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கவுன் அவளுடையது. முகம் வாலுவுடையது. நெற்றியில் தையல் போட்ட இடம்கூட அப்படியே தெரிந்தது.

கிடங்குக்காரர் கையில் துடைக்கிற துணியோடு வந்து நின்றார். முப்பது வருஷமாக அந்தச் சட்டத்தைத் துடைக்கிறவர். "நீ வருவேன்னு தெரியும் பேபி," என்றார். "நான் கண்ணால பாத்தேன். குழந்தை முன்னாடி நின்னுது, கண்ணாடியில அது முகம் தெரிஞ்சுது. அப்புறம் குழந்தை நகர்ந்துது. முகம் நகரல."

"கழட்டி உடைச்சுப் போடுங்களேன்!"

"செவ்வாய்க்கிழமை ஷூட்டிங்ல கீழ விழுந்து கண்ணாடி உடைஞ்சுது. உன் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலியே?"

பேபி புதுக் கண்ணாடியைத் தொட நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"பூட்டி வெச்சும் பாத்தாச்சும்மா. உனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போது ரெண்டு வருஷம் பரண்ல கவுத்துப் போட்டிருந்தேன். யாரும் கேக்கல."

பன்னிரண்டு வயதில் இரண்டு வருஷம் அவள் படுத்த படுக்கை. என்ன வியாதி என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஒருநாள் தானாக எழுந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் பரணிலிருந்து இறக்கியிருப்பார்கள் போலிருக்கிறது.

"நான் முன்னாடி நின்னா?"

அவர் துணியை உதறி மடித்தார். "எடுத்துக்கும். பழகின முகம்." கொஞ்சம் தயங்கினார். "உனக்கு நாளைக்கு ஏதோ வேஷமாமே. எல்லாரும் பேசிக்கிறாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் உடனே போய் நிற்கவில்லை. பெற்றவள் யோசிப்பாளா என்று கேட்பீர்கள். யோசித்தாள். வெளியே வாசலுக்கு வந்தாள். தெருவில் போன இரண்டு பெண்கள் அவளைப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஒருத்தி கையைக்கூட ஆட்டினாள். எவ்வளவு சுகமாக இருந்தது! ஒரே ஒரு நாள். நாளைக்குப் போய் நடித்துவிட்டு, சாயங்காலம் வந்து நின்றால் போகிறது. ஒரு நாளில் குழந்தைக்கு என்ன ஆகிவிடும்? அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததை நினைத்துப் பிற்பாடு எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாளோ.

போன் அடித்தது. பள்ளிக்கூடத்து டீச்சர்.

"ஏங்க, இன்னைக்கும் பொண்ணை அனுப்பலியா? இப்படியே லீவு போட்டா எப்படி? நாங்க பேரை எடுத்துட வேண்டியதுதான்."

டீச்சரின் குரலுக்குப் பின்னால், வெகு பக்கத்தில், போன்மேலேயே வாயை வைத்துக் கத்துவதுபோல் ஒரு குரல் கேட்டது. தொண்டை கட்டிப்போயிருந்தது. "உள்ளேன் டீச்சர்! டீச்சர், இங்கதான் இருக்கேன்! உங்க கையைத்தான் புடிச்சிருக்கேன் டீச்சர்!"

பேபி உள்ளே ஓடினாள். மெழுகுப் பழத் தட்டு ஒன்று காலில் பட்டு உருண்டது. போட்டோவுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்று, அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி முகத்தை நிமிர்த்தினாள். புதுக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது: கன்னத்து வியர்வை, காதோரத்து நரை. அதற்குப் பின்னால் ஓட்டைப் பல்லோடு ஒரு சிரிப்பு. இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பிறகு ஒன்றுதான் இருந்தது.

அவள் விலகினாள். முகம் விலகவில்லை.

சிவப்புக் கவுன் போய்விட்டது. சட்டத்துக்குள் நீலச் சீருடையில் நாற்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிடங்குக்காரர் கிட்டே வந்து, சட்டத்தின் மூலையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தார். "குழந்தைப் படம் இனி கிடையாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "செத்துப்போன அம்மா. அதுக்கும் ஆளுங்க வருவாங்க." அவள் நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

போன் இன்னும் கையில் இருந்தது. அதில் டீச்சர் கூவினாள்: "அடிப்பாவி, நீ எப்ப வந்து நின்னே? இங்கதான் இருக்கா! சாரிங்க, இங்கதான் இருக்கா. ஹலோ? ஹலோ?" பேபி "இருக்கேன் டீச்சர், சொல்லுங்க" என்றாள். "என்னது, பேசவே மாட்டேங்கிறாங்க" என்று டீச்சர் போனை வைத்துவிட்டாள்.

மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசல். அம்மாக்கள் கூட்டம் அவளை இடித்துக்கொண்டு நின்றது, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மணி அடித்தது. முதலில் வந்தது வாலுதான். இரண்டு பக்கமும் இரண்டு தோழிகள், தையலைத் தொட்டுப் பார்க்க மூன்றாவது ஒருத்தி. வாசல்காரர் அதன் தலையைத் தட்டி, "என்ன வாலு, எங்க போயிருந்தே இத்தனை நாளா?" என்றார். அது எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தது. பேபிக்குக் கண் நிறைந்துவிட்டது. வயிற்றில் முட்டுவதற்குத் தோதாகக் காலை அகட்டி நின்றாள்.

வாலு கூட்டத்தைப் பார்த்தது. பார்வை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. பேபியின் மேல் வந்தது, தாண்டிப் போனது. மறுபடி வந்தது, மறுபடியும் தாண்டிப் போனது.

"எங்கம்மா இன்னும் வரல," என்றது தோழியிடம்.

தோழிகள் போய்விட்டார்கள். அம்மாக்களும் போய்விட்டார்கள். வாலு மட்டும் கேட்டருகே நின்றது. பேபி அதன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்தாள். வாலு கையைப் பார்த்தது. சட்டென்று அதன் முகம் மாறியது. பத்து நாள் அந்தப் பக்கம் இருந்துவிட்டு வந்த குழந்தை அல்லவா, அதற்குத் தெரியாதா?

"அம்மா? நீ இங்கதான் இருக்கியா?" கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. "இருந்தா நல்லா சத்தமாச் சொல்லும்மா. மெதுவாச் சொன்னா கேக்காது."

பேபி மூச்சை முழுக்க இழுத்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"உள்ளேன் டீச்சர்!"

வாலு தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றது.