கருணை அடிப்படையில் ஒரு புஷ்

காரின் அடியில் பதினோரு பேர் மல்லாந்து படுத்தபடி வரிசையில் காத்திருந்தார்கள். நிறைமதி பன்னிரண்டாவது ஆள். பாய் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று.

கார் அவள் வீட்டு வாசலில்தான் நின்றது. இருபத்திரண்டு வயதுக் கார். காலையில் அவளே ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து, முன் இடது சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையில் ஒரு ரப்பர் புஷ் உண்டு. அது தேய்ந்துபோய், பள்ளத்துக்குப் பள்ளம் கடகடத்தது. புதியது வாங்கி வைத்திருந்தாள். அரை நாள் வேலை. மாலை ஐந்து மணிக்குள் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசுக் கல்லூரியில் ஆய்வக உதவியாளராக அவள் சேர வேண்டும். தவறினால் நியமன ஆணை ரத்து. அந்த ஊருக்கு மதியத்துக்கு மேல் பஸ் கிடையாது.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் பீர்முகமது வந்து குனிந்தார். இரும்புக் கையை ஆட்டிப் பார்த்தார்.

"புஷ் செத்துடுச்சு தங்கச்சி."

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பத்தே நிமிடத்தில் தெருவில் பந்தல் போட்டுவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நேற்றுகூட நன்றாகத்தானே ஓடியது என்றார்கள். யாரோ அதன் ஜோடியான முன் வலது புஷ்ஷைத் தேடிப்போய், ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமத்தை அழித்துவிட்டு வந்தார்கள். அது நல்ல நிலையில் இருந்த புஷ்.

பழையதை எடுக்கப் பார்த்தால் போல்ட் திரும்பவில்லை. இறப்பைப் பதியாமல் திரும்பாது என்றார் பீர்முகமது. அலுவலகம் காரின் அடியில் என்றும் சொன்னார். அவள் பாயோடு சறுக்கி உள்ளே போனாள். எஞ்சின் முடிந்த இடத்தில் ஒரு தாழ்வாரம் தொடங்கியது. பின் சக்கரங்கள் கண்ணுக்கெட்டவில்லை.

இரண்டு மணி வாக்கில் அவள் முறை வந்தது. குமாஸ்தாவும் மல்லாந்துதான் படுத்திருந்தார். கோப்பு நெஞ்சின் மேல் இருந்தது.

"பணியில இருக்கும்போதே இறந்தாரா?"

"ஓடிட்டு இருக்கும்போதுதான் சார்."

"அப்ப கருணை அடிப்படையில வாரிசுக்கு வேலை உண்டு. வாரிசு யாரு?"

அவள் புதிய புஷ்ஷைக் காட்டினாள். பிறப்புச் சான்றிதழ் கேட்டார். பில் இருக்கிறது என்றாள். பில் பிள்ளையாகாது என்று சொல்லி, புஷ்ஷைத் தன் தலைமாட்டில் இருந்த டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"ஆம்பளை வாரிசு யாரும் இல்லையா?"

சித்தப்பா குலோத்துங்கன் அதற்குள் பக்கத்தில் வந்து படுத்துவிட்டார். பந்தல் எங்கே போட்டாலும் வந்துவிடுகிற மனிதர். பொம்பளைப் பிள்ளைக்குக் கார் எதற்கு என்று கேட்டதைத் தவிர, அந்தக் காருக்கு அவர் எதுவும் செய்ததில்லை. நியமன ஆணை வந்த அன்று, வேலைக்குப் போய்த்தான் தீர வேண்டுமா என்று அவளையும் கேட்டிருந்தார். இப்போது வேலை என்ற சொல் காதில் விழுந்ததும் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் விசாரித்தார்.

"என்ன போஸ்ட்டுங்க சார்?"

"தாங்குறது."

"இந்தக் குடும்பத்தை இத்தனை வருஷமா வேற யாரு தாங்குறாங்களாம்?"

உடனே இறப்பைப் பதிந்து ஆணை கொடுத்தார்கள். பழைய புஷ் தானாகக் கழன்று வந்தது. நிறைமதி சித்தப்பாவுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினாள். புது ரப்பரை அப்படித்தான் இறக்க வேண்டும். முழங்காலை மடக்கி, தலை குனிந்து, அவர் இரும்புக் கைக்குள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தார். இத்தனை சுருங்குவார் என்று அவள் நினைக்கவில்லை. போல்ட் வெண்ணெய்போல் திரும்பி இறுகியது.

மூன்றரைக்குக் கிளம்பினாள். வண்டி சத்தமில்லாமல் ஓடியது. சித்தப்பாதான் பேசிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் தனக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று கேட்டார். அவருக்குக் கீழே ரோடு மட்டும்தான் இருந்தது.

"வேகத்தடை வருது, மெதுவாப் போ பாப்பா. அரசு ஊழியர் மேல வண்டி ஓட்டிட்டுப் போற."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கல்லூரி வந்தது. ஓடிப்போய்த் தன் நியமன ஆணையை நீட்டினாள். கண்காணிப்பாளர் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பேரேட்டைப் பிரித்தார். பேனா ஒரு கட்டத்தின் மேல் நின்றது.

"யார் செத்து இந்த வேலை கிடைச்சுது?"

"யாரும் சாகலை மேடம். பரீட்சை எழுதினேன். மாவட்டத்துல முதல் மார்க்."

அம்மாளின் முகம் நிஜமாகவே வாடியது.

"அடப் பாவமே. சரி, யாராவது சாகுற வரைக்கும் அந்த பெஞ்சுல உட்காரும்மா."

பெஞ்சில் ஏற்கெனவே ஒன்பது பேர் இருந்தார்கள். மடியில் மதிப்பெண் பட்டியல். எல்லோரும் முதல் மார்க். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மரம் அந்தந்த ஆளின் அளவுக்குக் குழிந்திருந்தது. புதிதாக ஒரு குழி விழ ஆகும் காலத்தை நிறைமதி மனதுக்குள் கணக்கிட்டாள். விடை பெரிதாக வந்ததால் மறுபடி போட்டாள்.

ஐந்து மணி அடித்தது. ஜன்னல் வழியே கார் தெரிந்தது. அலுவலர் சங்கத்தினர் இடது முன் சக்கரத்தைச் சுற்றிக் குனிந்து, புதிதாகப் பணியில் சேர்ந்த குலோத்துங்கனுக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

சால்வையின் எடைக்கே கார் அந்தப் பக்கம் ஒரு சாண் இறங்கியது.